எட்டாம் வகுப்புக்கு அப்பால்

(தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டிவரும் கிறிஸ்தவப் பெற்றோர்கள் இலத்தூரில் கூடியபோது ஆற்றிய சொற்பொழிவு)



குற்றாலத்தில் சாரல் களைகட்டியிருக்கும் இந்த ஆனி மாதத்தில், அருவிக்குப் போகிற ஜனங்களின் வண்டிகள் தென்காசிச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கையில், அருவியை விட்டுவிட்டு இந்தக் கூடத்தில் வந்து அமர்ந்திருக்கிறீர்கள் என்றால், உங்களை இங்கே கொண்டுவந்த கவலை சாமானியமானதாக இருக்க முடியாது. பிள்ளை சிறு பிராயத்தில் இருந்தவரையில், எழுத்தும் எண்ணும் வேதாகமச் சரித்திரமும் வீட்டு முற்றத்திலேயே சொல்லிக்கொடுத்துச் சந்தோஷமாக நடந்துவந்த காரியம், எட்டாம் வகுப்புப் பாடம் முடிந்து ஒன்பதாவதை எட்டிப் பார்க்கும் சமயத்தில், திடீரென்று பயத்தைத் தருகிறது. இயற்கணிதத்தையும் திரிகோணமிதியையும் யார் சொல்லிக்கொடுப்பது? சர்ட்டிபிகேட்டுக்கு என்ன வழி? நாளைக்குக் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்களா? இவை போதாவென்று, மாமியாரும் மைத்துனரும் சபையின் மூப்பரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, “இத்தனை நாள் செய்தது போதும், இனிமேலாவது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள்” என்று புத்தி சொல்லுகிறார்கள்.

சேர்க்கத்தான் வேண்டும் என்று உங்கள் மனச்சாட்சி சொன்னால் சேர்த்துவிடுங்கள். அதில் பாவமும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆனால் பயம் ஒன்றையே காரணமாகக் கொண்டு நிறுத்திவிடாதீர்கள். நாற்றங்காலில் விதை பாவி, நடவு நட்டு, களை பறித்து, பிசானப் பயிர் கதிர் பிடிக்கிற தறுவாயில் மடையை அடைத்துவிட்டுப் போகிற சம்சாரியை இந்தக் குளத்துப் பாசன ஊர்களில் எங்கும் நான் கண்டதில்லை. அதுவரை நீங்கள் பட்ட பிரயாசையெல்லாம் பலன் தரப்போவது பதின்மூன்றிலிருந்து பதினேழு வரையுள்ள இந்த நாலைந்து ஆண்டுகளில்தான் என்பதே என் அபிப்பிராயம்.

ஆயினும், பெரியவர்கள் செய்யும் ஆட்சேபணையை அற்பமென்று தள்ளிவிட நான் துணியமாட்டேன். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்து மார்க்கம் பள்ளிக்கூடத்தின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தது. 1820-ஆம் ஆண்டில் மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது தொட்டு, ஜெபவீடு எழும்பிய ஊர்களில் பள்ளிக்கூடமும் எழும்பியது. ஒரே கூரையின் கீழே வாரநாளில் அரிச்சுவடியும் ஞாயிற்றுக்கிழமையில் ஆராதனையும் நடந்த ஊர்கள் பல. திண்ணைப் பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதிப்பதற்கும் அனுமதியில்லாதிருந்த ஜாதியாரின் பிள்ளைகள், பெண்ணாய்ப் பிறந்த ஒரே குற்றத்துக்காக ஏட்டைத் தொட விடப்படாதிருந்த சிறுமிகள், இவர்களெல்லாரும் பலகையில் வரிசையாக உட்கார்ந்து பாடம் கேட்டதென்பது இந்த நாட்டில் சிறிய விசேஷம் அன்று. இந்தியாவின் கரையை ஒருநாளும் கண்ணால் காணாத சாராள் தக்கர் அம்மையாரின் பெயரால் பாளையங்கோட்டையில் 1895-இல் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி உண்டானபோது, அதில் வாசித்த பெண்களின் பாட்டிமார்களில் எத்தனை பேர் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களாயிருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே, எண்பது வயது மூதாட்டி ஒருத்தி உங்களைப் பார்த்து, “எங்க அம்மா காலணா ஸ்லேட்டைத் தூக்கிக்கிட்டு மூணு மைல் நடந்ததாலதான் நீ இன்னைக்கு வேதத்தை வாசிக்கே, அந்தப் பள்ளிக்கூடமா உனக்கு வேண்டாததாப் போச்சு?” என்று கேட்பாளானால், அவளோடு வாதாடாதீர்கள். அவள் கேட்பது நியாயம்.

அந்த நியாயத்துக்கு நாம் கொடுக்க வேண்டிய மறுமொழி வாயினால் சொல்லுவதன்று, நடத்திக் காட்டுவது. பள்ளிக்கூடம் கொடுத்தவற்றில் பாடத்தைக் காட்டிலும் பெரிய ஒன்று உண்டு. அது, மற்ற ஜாதியாரின் பிள்ளை அருகில் உட்காரும் அனுபவம். நம் பக்கத்தில் வீடு என்பது அன்பின் இருப்பிடம் என்பது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மை அது ஜாதியின் கோட்டை என்பதும். சிறு குழந்தைக்கு இது உறைக்காது. பதினைந்து வயதுப் பையனுக்கு உறைக்கும். தன் சொந்தக்காரரின் பிள்ளைகளோடு மாத்திரமே பேசி, தன் சபையாரின் வீட்டில் மாத்திரமே சாப்பிட்டு வளருகிற பிள்ளை, எத்தனை அதிகாரங்களை மனப்பாடமாக ஒப்புவித்தாலும், சுவிசேஷத்தின் அரிச்சுவடியைக் கற்கவில்லை என்றே நான் சொல்லுவேன். வீட்டில் கற்பிக்கிற கிறிஸ்தவர்கள் இந்தக் கணக்கை முதலில் தீர்க்க வேண்டும். தெருவின் மறுகோடியிலுள்ள பிள்ளைகளையும் உங்கள் பாட மேஜைக்கு அழைத்துவிடுங்கள். மூதாட்டியின் கோபம் அன்றைக்கே பாதி தணிந்துவிடும்.

இனி, உங்களை உறங்கவிடாமல் செய்கிற பெரிய பயத்துக்கு வருகிறேன். “எனக்கே தெரியாத பாடத்தை நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?”

இந்த மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே, நமக்கு வடக்கே கர்நாடகப் பகுதியில், கங்காமூலா என்ற காட்டில் நடந்த ஒரு வரலாற்றைக் கேளுங்கள். அனந்த சாஸ்திரி டோங்ரே என்ற மராத்திய வைதிகப் பிராமணர், பெண்ணுக்கு சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்று பண்டிதர்கள் எதிர்த்து நின்றபோது, அந்த எதிர்ப்புக்கு இணங்காமல், தம் இளம் மனைவி லட்சுமிபாயை அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போய்க் குடியேறி, அவளுக்கு அந்தப் பாஷையைக் கற்பித்தார். 1858-இல் அவர்களுக்குப் பிறந்த இளைய மகள்தான் ரமாபாய். அந்தப் பெண்ணுக்குப் பாடம் சொல்லும் காலம் வந்தபோது தகப்பனாருக்கு முதுமை வந்துவிட்டது. எனவே, மணமான பின்பு எழுத்துக் கற்ற அந்தத் தாயே, மகளின் எட்டாவது வயது தொடங்கிப் பதினைந்தாவது வயது வரையில் உபாத்தியாயினியாக இருந்தாள். வீட்டு வேலைக்குப் பகல் போதாமையால், பொழுது விடியுமுன்னே மகளை எழுப்பி, பறவைகள் கூவத் தொடங்கும் வேளையில் சுலோகங்களைச் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் குடும்பம் காட்டையும் விட்டு, க்ஷேத்திரம் க்ஷேத்திரமாக யாத்திரை போய்க்கொண்டிருந்தது, ஆயினும் பாடம் நிற்கவில்லை. பஞ்சத்தில் பெற்றோர் இருவரும் மாண்டனர். தமையனோடு தேசமெங்கும் கால்நடையாக அலைந்த அந்தப் பெண், 1878-இல் கல்கத்தாவை அடைந்தபோது, அங்குள்ள பண்டிதர்கள் அவளைச் சோதித்துப் பார்த்து, ‘பண்டிதை’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் பட்டம் சூட்டினார்கள். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்று, பின்னர்க் கேட்காவுன் என்ற ஊரில் ‘முக்தி’ என்னும் அடைக்கல ஸ்தாபனத்தை நடத்தி, எபிரெயமும் கிரேக்கமும் கற்று வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்த பண்டிதை ரமாபாய் இவரே.

அவர் எந்தப் பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத பிள்ளை. ஆனால் நான் இங்கே வியப்பது மகளை அல்ல; லட்சுமிபாயை. தான் நேற்றுக் கற்றதை இன்று கற்பித்த ஸ்திரீ அவள். கற்று முடித்தவர்கள் மாத்திரமே கற்பிக்கத் தகுதியுள்ளவர்கள் என்று அவள் நினைத்திருந்தால், ரமாபாய் உண்டாகியிருக்கமாட்டார்.

கடையநல்லூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் கண்டதையும் சொல்லுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு தாயும், அவளுடைய பதினைந்து வயது மகளும். மகள் ஒரு பாகைமானியில் நூலைக் கட்டி, நூலின் நுனியில் ஒரு பழைய நட்டைத் தொங்கவிட்டு, பேனாக் குழாய் ஒன்றை மேலே ஒட்டி, அதன் வழியாகத் தோட்டத்துப் பனையின் உச்சியைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள். கோணம் நாற்பத்தைந்து பாகை வந்த இடத்தில் நின்று, அங்கிருந்து மரத்தின் தூர் வரையில் அளந்தாள், பன்னிரண்டு மீட்டர். “அம்மா, பனை பன்னிரண்டு மீட்டர்” என்று சொல்லிவிட்டு, ஏன் என்பதைப் படம் போட்டு விளக்கினாள். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டிருந்த தாய், “எல்லாம் சரிதான், ஆனா நீ தரையில படுத்துக்கிட்டா பாத்தே? நின்னுக்கிட்டுல்லா பாத்தே, ஒன் ஒயரம் எங்கே போச்சு?” என்றாள். பெண் விழித்தாள். கண்ணின் உயரமான ஒன்றரை மீட்டரைக் கூட்ட மறந்துபோயிருந்தது. திரிகோணமிதி என்ற சொல்லைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத அந்த அம்மாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பிழையைக் கண்டுபிடித்தாள். அவள் செய்ததெல்லாம் மகள் சொன்னதைச் சிரத்தையாகக் கேட்டதுதான். சாயங்காலம் வந்த பனையேறித் தாத்தாவிடம் விடையைச் சொன்னபோது, “இதுக்கா இம்புட்டுப் பாடு? எங்கிட்டக் கேட்டிருந்தா ஏறும்போதே சொல்லியிருப்பேனே” என்று அவர் சிரித்தார் என்பது வேறு விஷயம்.

உயர்நிலை ஆண்டுகளில் பெற்றோரின் உத்தியோகம் இவ்விதமாக மாறிவிடுகிறது. சொல்லிக்கொடுக்கிறவர் கேட்கிறவராகிறார். தமக்குத் தெரிந்ததைக் கொடுத்து முடித்த பின்பு, தெரிந்தவர்களைத் தேடிக் கொண்டுவருகிறவராகவும் ஆகிறார். இந்த இரண்டாவது காரியத்தில் நம்மவர்களுக்குக் கூச்சம் அதிகம். பிறரிடம் அனுப்பினால் வீட்டுக் கல்விக்குப் பங்கம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி நினைக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்த வேதநாயகம் என்ற சிறுவனை, அவனுக்குப் பன்னிரண்டு வயதளவில், மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குத் தம்மோடு அழைத்துச் சென்றபோது, புலவராயிருந்த அவன் தகப்பனார் தேவசகாயம் அனுப்பிவைத்தார். தம் தமிழ் மாத்திரம் மகனுக்குப் போதாது என்று அவர் அறிந்திருக்க வேண்டும். ஐயரின் நிழலில் வளர்ந்து, தரங்கம்பாடியிலும் பயின்று, இருபது வயதை ஒட்டியே தஞ்சையில் தலைமை ஆசிரியரான அந்தப் பிள்ளைதான் வேதநாயக சாஸ்திரியார். இங்கே குற்றாலநாதர் மேல் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிப் புகழ்பெற்றார். அந்தக் குறவஞ்சி என்னும் இலக்கிய வடிவத்தையே எடுத்துக்கொண்டு சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’யைப் பாடினார். தன் ஊரின் தமிழையும் தன் விசுவாசத்தையும் ஒரே நெஞ்சில் சேர்த்து வைத்துக்கொள்ள அந்தச் சிறுவனுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு அது தெரிகிறதா?

இதை நான் ஏன் கேட்கிறேன் என்றால், உங்களில் சிலருடைய வீடுகளில் அலமாரி நிறைய அமெரிக்க தேசத்துப் பாடநூல்களைப் பார்த்தேன். அச்சும் படமும் கண்ணைப் பறிக்கின்றன, பக்தியும் இருக்கிறது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் 1620-இல் மேபிளவர் கப்பலில் போன பக்தர்களின் கதையை மூச்சு விடாமல் சொல்லுகிற பிள்ளைக்கு, 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர் யாரென்று தெரியவில்லை. பனி பெய்யும் மாதங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிற பெண்ணுக்கு, தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து தென்காசியில் சாரலாகத் தூவுகிறபோது, கூப்பிடு தூரத்துத் திருநெல்வேலியில் ஏன் வெயில் கொளுத்துகிறது என்று சொல்லத் தெரியவில்லை. உயர்நிலை வகுப்புக்குரிய பூகோளமும் பௌதிகமும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. ஐந்தருவிக்குக் குளிக்கப் போகிற வழியில் பாதிப் பாடம் நடத்திவிடலாம். கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தது ஏன் என்று கேட்டால் வர்த்தகச் சரித்திரம் முழுவதும் பின்னாலேயே வரும். 1904-இல் மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு வந்த ரயில், 1911-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன், 1956 நவம்பரில் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த செங்கோட்டை என்று, இந்த ஊர்களுக்குள்ளேயே சரித்திரப் பாடம் கொட்டிக் கிடக்கிறது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஆஸ்பத்திரி நர்ஸ், மின்வாரிய லைன்மேன், மடை திறக்கிற நீர்க்கட்டி என்று ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மணி நேரம் உங்கள் பிள்ளைக்கு உபாத்தியாயராகத் தகுந்தவர்களே. கேட்டுப் பாருங்கள், ‘மாட்டேன்’ என்பவர் அபூர்வம்.

பாடத்தைக் காட்டிலும் கடினமானது ஒன்று இருக்கிறது. அதைப் பேசாமல் விட்டால் இந்தக் கூட்டத்துக்கு நான் வந்தது வீண். இந்த வயதில் பிள்ளை எதிர்த்துப் பேசத் தொடங்குகிறது. குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருக்கிறது. படைப்பைப் பற்றியும் துன்பத்தைப் பற்றியும், நம் பக்கத்து வீட்டுச் சைவர் நல்லவராயிருக்கிறாரே அவருக்கு என்ன கதி என்பதைப் பற்றியும் கேள்வி கேட்கிறது. பிள்ளை கெட்டுப்போகாமலிருக்க வீட்டில் வைத்தோமே, கேள்வி சுவர் ஏறிக் குதித்து வந்துவிட்டதே என்று நீங்கள் கலங்குகிறீர்கள். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் பெற்றோருக்குச் சொல்லாமல் பின்தங்கி, மூன்று நாள் தேடவைத்து, தேவாலயத்தில் போதகர்களின் நடுவிலே கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையையே அங்கே காண்கிறோம். தாய் கடிந்துகொண்டாள்; கிடைத்த பதில் அவளுக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு நாசரேத்தில் ஒரு தச்சனின் வீட்டில் கழிந்த ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகளைச் சுவிசேஷகன் இரண்டொரு வசனத்தில் முடித்துவிடுகிறான். மகன் சொன்னதை விளங்காமலே மனத்தில் வைத்துக்கொண்டு உடனிருந்த தாயைப் பற்றி மாத்திரம் சொல்லாமல் விடவில்லை. கேள்விக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் பெற்றோருக்கு இல்லை. “எனக்கும் தெரியவில்லை, தேடுவோம்” என்று சொல்லுகிற தகப்பனிடம் பிள்ளை மறுநாளும் வந்து கேட்கும்.

வீட்டுக் கல்விக்குத் திருஷ்டாந்தமாக, ஜான் வெஸ்லி ஐயரின் தாயாராகிய சூசன்னா வெஸ்லி அம்மையாரைக் காட்டாத பிரசங்கியார் இல்லை. அவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். அந்த அம்மையார் ஆண்மக்களை ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். ஜான் வெஸ்லி பத்து வயதை ஒட்டி 1714-இல் லண்டனுக்குப் போய்விட்டார். உயர்நிலைப் பருவத்தில் அம்மையாரின் வீட்டில் இருந்தவர்கள் பெண்மக்களே. ஆகவே நமக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது பாடத்திட்டம் அன்று, ஒரு வழக்கம். வறுமையும் கடனும் நிறைந்த அந்த வீட்டில், வாரத்தின் ஒவ்வொரு நாள் மாலையையும் ஒரு பிள்ளைக்கென்று ஒதுக்கி, அந்தப் பிள்ளையோடு தனித்திருந்து அதன் அந்தரங்கத்தைப் பேசவிட்டுக் கேட்பார். ஜானுக்கு வியாழக்கிழமை. ஆக்ஸ்போர்டில் கல்விமானாக இருந்த காலத்திலும் அந்த வியாழக்கிழமை நேரத்தைத் தாயிடம் கடிதம் எழுதிக் கேட்டவர் ஜான் வெஸ்லி. நீங்களும் அவ்விதமே ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கணக்கைத் தப்பாகப் போட்டதைப் பற்றி அந்த ஒரு மணி நேரத்தில் பேசாதீர்கள். செல்போனைப் பற்றியும் பேசாதீர்கள்.

கடைசியாகப் பரீட்சை விஷயம். நீங்கள் எதிர்பார்த்திருந்தது இதைத்தான் என்பது முகங்களில் தெரிகிறது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் தேதியில் அமலுக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. வீட்டுக் கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை. பதினான்கைக் கடந்த பிள்ளைக்கு வழி தெளிவாகவே இருக்கிறது. 1979-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு சிறு முயற்சியாகத் தொடங்கி, 1989-இல் தனி ஸ்தாபனமாகிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது நீங்கள் என்.ஐ.ஓ.எஸ். என்று சொல்லுவது, பள்ளிக்குப் போகாதவர்களுக்கென்றே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் நடத்துகிறது. பத்தாவதற்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடங்கள். தேறுவதற்கு நூற்றுக்கு 33. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு பரீட்சை. ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது சந்தர்ப்பம். இரண்டு பாடத்தை இந்தத் தவணையிலும் மூன்றை அடுத்த தவணையிலும் எழுதலாம் என்பது, பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். மாநில வாரியத்தில் எழுத விரும்பினால் தனித்தேர்வராக எழுதலாம். எட்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பன்னிரண்டரை வயதும், பத்தாவதற்குப் பதினான்கரை வயதும் நிறைந்திருக்க வேண்டும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதை மறந்துவிட்டுப் பரீட்சை நேரத்தில் ஓடாதீர்கள்.

எந்த வழியானாலும் தமிழை ஒரு பாடமாக எடுக்கச் செய்யுங்கள். பின்னாளில் மாநில அரசு உத்தியோகத்துக்குத் தமிழ் கேட்பார்கள் என்பது ஒரு காரணம். வேதநாயக சாஸ்திரியாரை வாசிக்க வேண்டும் என்பது மற்றொன்று. மருத்துவமோ பொறியியலோ சட்டமோ மனத்தில் இருந்தால், பதினொன்றில் பாடம் தெரிந்தெடுக்குமுன், அந்தந்தக் கல்லூரியின் அவ்வருஷத்து விதிகளைக் கையில் வாங்கி வாசித்துவிடுங்கள். சொந்தக்காரர் சொன்னார் என்று நம்பிவிட வேண்டாம். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன. செய்த வேலைகளுக்கெல்லாம் ஒரு நோட்டுப் போட்டுத் தேதிவாரியாக எழுதிவையுங்கள். பனையை அளந்த படத்தையும் அதிலே ஒட்டுங்கள். விண்ணப்பத்தைப் பிள்ளையே பூர்த்தி செய்யட்டும்; பிழையிருந்தால் பிள்ளையே திருத்தட்டும். அக்டோபர்ப் பரீட்சை எழுத நினைக்கிறவர்கள், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று இன்று ராத்திரியே பார்த்துவிடுங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று, இன்ஷியல் முன்னே ஒரு தரமும் பின்னே ஒரு தரமும் என்று எழுதிவைப்பது நம் ஜனங்களுக்குள் சகஜம்; அதைச் சரிசெய்வதற்குத் தாலுகா ஆபீசுக்கு நடக்கும் நடை, திரிகோணமிதியைக் காட்டிலும் கடினமானது.